போனைக் கண்டிப்பா எடுப்பாங்க

மாவு பதத்துக்கு வந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பல் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு அது. தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டால் நாலு நிமிஷத்துக்குள் ஊற்றியாக வேண்டும், இல்லையென்றால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். பல்லக்கா ஒரு கையுறையைப் பல்லால் கடித்து உருவி எறிந்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தெரியாத எண்.

"ஹலோ, சொல்லுங்க, நான்தான் பேசறேன்."

"வணக்கம் மேடம்! ஏரியைப் பார்த்த பால்கனியோட, நீச்சல் குளத்தோட, உங்க கனவு இல்லம்…"

"வைடா போனை!"

திரும்பிப் பார்த்தபோது மாவு இறுகிவிட்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவானின் கீழ்த்தாடை கிண்ணத்தோடு கிண்ணமாக வீண். அவள் கிண்ணத்தை மேஜையில் ஓங்கித் தட்டினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் தலை நிமிரவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

செயற்கைப் பல் செய்கிற அந்தக் கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. மெழுகில் பல் வரிசை பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வந்த புதிதில் முதலாளி கிண்டலாக வைத்த 'பல்லக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, இப்போது பல் டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் போனைத் தொடுகிறவர்களைக் கண்டால் ஒரு காலத்தில் அவளுக்கே ஆகாது. இப்போது அவளே நாளைக்குப் பத்துத் தடவை கையுறையைக் கழற்றினாள்.

காரணம் தம்பி. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். பெயர் பதிகிற அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் நர்ஸ் எதிரே உட்கார வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எந்த நம்பர்ல இருந்து கூப்பிடுவோம்னு சொல்ல முடியாதுங்க. நான் கூப்பிடலாம், டாக்டர் கூப்பிடலாம். இருபது நிமிஷத்துல மூணு தடவை அடிப்போம். எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். அப்புறம் வந்து கோவிச்சுக்கக் கூடாது."

தம்பி யோசிக்காமல் அக்காவின் எண்ணை எழுதினான். போனை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவதுதான் அவனுக்கு முழுநேர வேலை. "உன்கிட்ட இருந்தா பத்திரம்க்கா" என்றான். அந்த வார்த்தை அவள் தலையில் கிரீடம் மாதிரி உட்கார்ந்து, பிறகு பாறாங்கல்லாகக் கனத்தது.

இரண்டு வருஷமாயிற்று. ஆஸ்பத்திரி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மற்ற எல்லாரும் கூப்பிட்டார்கள். வீடு விற்கிறவன், கடன் கொடுக்கிறவள், கிரெடிட் கார்டு, காப்பீடு, 'உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று பதிவு செய்த குரல். குளிக்கும்போது, பஸ்ஸில் தொங்கும்போது, வாயில் சாப்பாடு இருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எடுப்பாள். வீட்டில் இருந்தால் கட்டிலில் கிடக்கும் தம்பி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்ப்பான். அவள் முகம் விழுந்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிடும்.

"வீடா?"

"லோன்."

"வாங்கிப் போடேன், சும்மாதானே குடுக்கறான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். சிரித்தானா என்று அவளுக்குத் தெரியாது.

போன் ரிப்பேர் கடைக்காரர் தெரியாத எண்களையெல்லாம் தடுத்துவிட வழி இருக்கிறது என்றார். "தெரியாத நம்பருக்காகத்தான் நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் அவள். அவர் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கீழ்த்தாடை வீணாய்ப்போன அன்றைக்கே அந்தக் கனவு இல்லத்துக்காரன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். என் கூடப்பிறந்தவன் கிட்னிக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். ஆஸ்பத்திரியில இருந்து எப்ப வேணா கூப்பிடுவாங்க. அதனாலதான் எல்லா போனையும் எடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிரே போயிட்டு வருது. என் நம்பரை எடுத்துடுப்பா."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "ஐயோ, ரொம்ப சாரி மேடம். நான் நோட் பண்ணிக்கறேன்."

பரவாயில்லை, பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி எழுந்து போனாள். சொன்னபடியே அந்த வீடு விற்கிறவன் அப்புறம் கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்து வேறொரு பெண் குரல் கூப்பிட்டது.

"மேடம், உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

ஆஸ்பத்திரியேதான் என்று நினைத்து, "நல்லா இருக்கான்மா, சொல்லும்மா, வந்துட்டோம்மா" என்று என்னென்னவோ உளறினாள். அந்தப் பெண் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பல்லக்காவுக்குப் புரியவே அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், வாயில் இதுவரை வராத வார்த்தைகளெல்லாம் வந்தன.

அவள் திட்டியதோடு விஷயம் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே சமையலறையில் சார்ஜில் போட்டிருந்த போன் அடிக்க, தம்பி எடுத்து அந்தப் பொடிக்காரப் பெண்ணிடம் பேசியிருக்கிறான். அது அவளுக்குத் தெரிய இருபது நாள் ஆயிற்று.

அன்று காலை ஏழு மணிக்கு அவன் பாத்ரூம் வாசலில் சரிந்து கிடந்தான். கை கால் துவண்டு, நாடி எங்கே இருக்கிறது என்று தேடும்படி இருந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவனுடைய மாத்திரைப் பையை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கை விட்டவளுக்கு ஒரு டப்பா தட்டுப்பட்டது. பச்சை மூடி. பாதி காலி. மூடியில் சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம்.

ரத்தத்தில் பொட்டாசியம் கண்டபடி ஏறி இதயம் தடுமாறியிருக்கிறது, அரை மணி தாமதித்திருந்தால் பேச்சே இல்லை என்றார் டாக்டர். டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைக்காமல் நேரே ஒரு பையில் போட்டு முடிந்தார். மாலையில் அந்த நர்ஸ் வந்தாள். கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"இதயத்தைப் பார்த்து, ரத்தம் சீராகி, டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் அவர் பேரை நிறுத்தி வைக்கணும். ஆறு வாரம் ஆகலாம். பேரு லிஸ்ட்லதான் இருக்கும். ஆனா நடுவுல வந்தா கூப்பிட மாட்டோம்."

பல்லக்காவுக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. மறுநாள் அவன் கண் திறந்ததும் தம்பியிடம்தான் கத்தினாள்.

"எருமை மாதிரி வளர்ந்திருக்கியே, புத்தி வேணாம்? எவனோ போன்ல விக்கறதை வாங்கிக் குடிப்பியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "அந்தப் பொண்ணு என்னை அண்ணான்னு கூப்பிட்டுச்சுக்கா. கால் வீக்கம் இருக்கான்னு கேட்டுச்சு. தூக்கம் வருதான்னு கேட்டுச்சு. அறுபது நாள்ல மெஷினே வேணாம்னுச்சு. உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சுப்போச்சு. ஒவ்வொரு தடவை போன் அடிக்கிறப்பவும் நீ செத்துச் செத்துப் பொழைக்கறே. மெஷின் வேணாம்னா உனக்கும் அந்த போன் வேணாம் இல்ல?"

அவளால் அதற்கு மேல் கத்த முடியவில்லை. கோபம் மட்டும் போக இடமில்லாமல் உள்ளேயே சுழன்றது. தம்பிக்கு நோய் என்று இவர்களுக்கு யார் சொன்னது? யோசித்துப் பார்த்ததில் ஒரே ஆள்தான் அகப்பட்டான். மெஷின் பிரிவின் வாசலில் உட்கார்ந்து பெயர், எண், நோய் எல்லாவற்றையும் பதிவு செய்கிற குமாஸ்தா. எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருப்பவன் வேறு.

விடுவிடென்று போய் அவன் மேஜையில் கையை ஊன்றினாள். "எவ்வளவுக்கு வித்தே எங்க நம்பரை?"

"என்னம்மா சொல்றீங்க?"

"நடிக்காதே. நோயாளிங்க வயித்துல அடிச்சுச் சம்பாதிக்கறியே, உனக்கு வீட்ல அக்கா தங்கச்சி கிடையாதா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மெஷின் நாற்காலிகளில் இருந்த பன்னிரண்டு பேரும் ஊசி குத்திய கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். குமாஸ்தாவின் முகம் வெளுத்துப்போனது. "நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்று மட்டும் சொன்னான். அவள் நம்பவில்லை.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி இருந்தது. டாக்டர் டப்பாவை வைத்துக்கொண்டாலும், அதற்கு முன்னமே அவள் படம் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த நாள் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, மாவுக்கறை படிந்த மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கே போனாள்.

சோபா விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவைத் தள்ளியதும் சந்தை இரைச்சல். நீளமான கூடத்தில் நாற்பது ஐம்பது பேர், எல்லாம் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், காதில் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுந்து சுவரில் தொங்கிய மணியை அடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு டப்பா விற்றுவிட்டதாம்.

மடிப்புக் கலையாத சட்டையோடு மேற்பார்வையாளன் ஓடிவந்தான். நாற்காலி போட்டான். தண்ணீர் வரவழைத்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் குரலில் தேன் இன்னும் கூடுதலாக ஒழுகியது.

"மேடம், நம்மளுது சுத்தமான மூலிகை. சிலருக்கு ஆரம்பத்துல உடம்பு கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும். அது நல்லதுக்குத்தான்."

"உன் மூலிகை என் தம்பி நெஞ்சையே நிறுத்தப் பார்த்துச்சு. அது நல்லதுக்கா? எங்க நம்பரை யாரு குடுத்தா?"

"அது டேட்டா மேடம். வாங்கறதுதான். எல்லா கம்பெனியும் வாங்கறாங்க."

"யாருகிட்ட?"

அவன் பூசி மெழுக ஆரம்பித்தபோதுதான் இரண்டாவது வரிசையிலிருந்து அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. "அண்ணா, கால் வீக்கம் குறைஞ்சிருக்கா? தூக்கம் வருதா?" வேறு எந்த வீட்டு அண்ணனோ. பல்லக்கா எழுந்து நேரே அங்கே போனாள். ஒல்லியான ஒரு பெண். நிமிர்ந்தவள் அந்த மேல்சட்டையையும் முகத்தையும் பார்த்து மிரண்டு காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"என் நம்பரைப் போடு" என்று சொல்லி எண்ணைச் சொன்னாள் பல்லக்கா. பயத்திலோ என்னவோ, அந்தப் பெண் அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. பல்லக்கா குனிந்து படித்தாள்.

'பெண். தம்பிக்கு கிட்னி ஃபெயிலியர். ஆபரேஷனுக்கு வெயிட்டிங். ஆஸ்பத்திரி போனுக்காக எல்லா காலும் அட்டெண்ட் செய்வார். போனைக் கண்டிப்பா எடுப்பாங்க.'

பக்கத்தில் தேதி. எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் வீடு விற்கிற கம்பெனியின் பெயர். படிக்கட்டில் உட்கார்ந்து கெஞ்சிய அதே நாள். சாரி மேடம் என்று சொன்னவன் சொன்னபடியே நோட் பண்ணிக்கொண்டிருந்தான்.

யாரும் திருடவில்லை. அவள் வாயாலேயே, அவள் கெஞ்சலையே எடுத்து விற்றிருக்கிறார்கள். அவள் கண் கீழே இறங்கியது. அடுத்த வரி: 'கணவருக்கு கேன்சர். அழுவார். இரண்டாவது தடவை பேசினால் வாங்குவார்.' அதற்கடுத்தது: 'வயதானவர், தனியாக இருக்கிறார், பேச ஆள் இல்லை, நேரம் கொடுத்துப் பேசவும்.' அதற்கும் கீழே இன்னும் இன்னும்.

மேற்பார்வையாளனின் தேன் வற்றியிருந்தது. "செக்யூரிட்டி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பல்லக்கா தன் போனை எடுத்துத் திரையைப் படம் எடுத்தாள். அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்தாள். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பல்லக்கா நகர்த்தி நகர்த்தி ஆறு பக்கம் எடுத்தாள்.

பிறகு நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி அந்த வரிகளைச் சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு பேச்சாக நின்றது. "கேட்டீங்களா? அழுவாராம். ரெண்டாவது தடவை பேசினா வாங்குவாராம். உங்க அம்மா பேருக்கு எதிர்ல இப்படி எழுதியிருந்தா அந்த மணியை அடிப்பீங்களா?" காவலாளி வந்து முழங்கையைப் பிடித்தான். "கையை எடுய்யா. எனக்குக் கால் இருக்கு" என்று உதறிவிட்டு இறங்கி வந்தாள். தெருவுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றாள்.

பஸ் வருவதற்குள் குமாஸ்தாவின் வெளுத்த முகம் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அவன் வருவதற்கு முன்பே வராந்தாவில் காத்திருந்து, ஓரமாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"திட்டறப்ப அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்க. மன்னிப்பை மட்டும் தனியா வந்து கேக்கறீங்களேம்மா."

சுருக்கென்று தைத்தது. நியாயம்தான். உள்ளே போய், பன்னிரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்று, "இந்தப் பிள்ளை மேல நான் அபாண்டமாப் பழி போட்டுட்டேன். தப்பு என்னுது" என்று உரக்கச் சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலோர நாற்காலியில் இருந்த தையல்காரர், "பச்சை மூடியா?" என்று கேட்டார். இன்னொரு அம்மாள் தன் பையிலிருந்து அதே டப்பாவை வெளியே எடுத்தாள்.

அன்றிலிருந்து பல்லக்கா ஒரு வேலையைக் கையில் எடுத்தாள். அவள் எடுத்த படங்களில் நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். வேலை விட்டு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஹலோ, வணக்கங்க. நான் எதையும் விக்கலைங்க…"

டொக்.

"ஹலோ, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைன்னு…"

"உனக்கு எப்படிடி தெரியும்? எந்த நாய் சொல்லுச்சு?" டொக்.

முதல் நாள் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் இரண்டு வருஷமாகத் திட்டிய திட்டெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் அவள் காதுக்கே வந்தன. எதிர்முனையில் இருந்தவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மடிப்புக் கலையாத அந்தச் சட்டைதான் கண்முன் வந்து நின்றது. நல்லது சொல்லக் கூப்பிட்டால்கூட ஒருத்தரும் நம்ப முடியாத இடத்துக்கு அல்லவா கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்!

மூன்றாம் நாள் ஒரு பெண் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். 'கணவருக்கு கேன்சர். அழுவார்' என்று எழுதியிருந்த அதே எண். பல்லக்கா போனை வைக்கவில்லை. திட்டு ஓய்ந்ததும், "முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசட்டுமா? உங்களைப் பத்தி அவனுங்க என்ன எழுதி வச்சிருக்கானுங்கன்னு படிச்சுக் காட்டறேன், கேளுங்க" என்றாள். படித்தாள்.

"நான் அழுதேன்தான்" என்றாள் அந்தப் பெண். "அழுததைக் கூடவா எழுதி வைப்பாங்க?" பிறகு குரல் மாறியது. "எங்க போய்ப் புகார் குடுக்கணும்? நானும் வரேன்."

அந்தப் பெண், தையல்காரர், டப்பா வைத்திருந்த அம்மாள் என்று ஒன்பது பேர் சேர்ந்து போனார்கள். போலீஸ் நிலையத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போகச் சொன்னார்கள், மருந்துத் துறையில் போலீஸுக்குப் போகச் சொன்னார்கள். நாலாவது தடவை மருந்துத் துறை அலுவலகத்தில் ஒன்பது பேரும் வரவேற்பு மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் தன் பங்குக்கு ஒரு கடிதமும் முடிந்து வைத்திருந்த டப்பாவும் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகே ஓர் அதிகாரி எழுந்து வந்து புகாரை வாங்கினார். மூன்று வாரத்தில் சோபாக் கடைக்கு மேல்மாடியில் சீல் வைத்தார்கள். பொடி விற்பதற்குத் தடை வந்தது. வீடு விற்கிற கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. மேற்பார்வையாளன் மட்டும் அகப்படவில்லை. வேறு எங்கேயாவது வேறு ஒரு மணியை மாட்டியிருப்பான் என்று பல்லக்கா உறுதியாக நம்பினாள். அதை நினைக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் மெழுகுக் கத்தி தானாக அழுந்தியது.

ஏழாவது வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டார். தம்பியின் பெயர் மறுபடி காத்திருப்பவர்களோடு சேர்ந்தது. அந்த ஏழு வாரத்துக்குள் யாருக்காவது சிறுநீரகம் வந்ததா, அது இவனுக்குப் பொருந்தியிருக்குமா என்று அவள் நர்ஸிடம் கேட்கவில்லை. நர்ஸும் சொல்லவில்லை.

நூற்றுப் பதினேழில் இன்னும் முப்பது பேர் பாக்கி. "அதை என்கிட்ட குடுக்கா" என்றான் தம்பி. "நாலு மணி நேரம் அந்த நாற்காலியில சும்மாதானே கிடக்கறேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு ஊசி. வலது கையில் அவனுடைய போன். பல்லக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைச் சொல்ல, அவன் பேசினான். முதல் ஆள் வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் போட்ட சத்தத்தில் தம்பி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். ஜன்னலோரத் தையல்காரர் வரைக்கும் கேட்டது.

"திட்டுங்க சார், நல்லாத் திட்டுங்க" என்றான் தம்பி. "நானும் கிட்னி பேஷன்ட்தான். மெஷின்ல படுத்துக்கிட்டுத்தான் பேசறேன், சத்தம் கேக்குதா?" போனை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினான். அந்தப் பக்கம் குரல் அடங்கியது. "பச்சை மூடி போட்ட டப்பா வந்துச்சா சார் உங்களுக்கு?"

பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து உட்காரப் பார்த்தான். பல்லக்கா அவன் தோளை அழுத்திப் பிடித்தாள், ஊசி நகர்ந்துவிடுமே என்று.

"நேத்துதான் வந்துச்சா? தடை போட்டப்புறமும் அனுப்பறானுங்களா? பிரிக்கலையே? பிரிக்காதீங்க சார். அப்படியே வைங்க. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க."